கட்டைவிரலால் பார்த்தவர்

சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்கு அவர் குடிவந்த அன்று, முறைப்படி வரவேற்கச் சென்று கை நீட்டினேன். அவர் அதைப் பற்றிக் குலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, என் கையைத் திருப்பிப் புறங்கைத் தோலைத் தம் வலக் கட்டைவிரலால் அழுத்தினார். சற்றே ஒரு பக்கமாக ஒதுக்கினார். அது பழைய இடத்துக்குத் திரும்புவதை உற்று நோக்கினார். பிறகு, “தண்ணி கம்மியா குடிக்கறீங்க சார்,” என்றார்.

நெடுங்காலம் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனிடம், அறிமுகமான முதல் நிமிடத்தில் எவரும் அவ்வாறு பேசியதில்லை. அவர் கூறியது உண்மையே என்று என் மனைவி பின்னாலிருந்து உறுதிப்படுத்தியதும் எனக்கு உவப்பாக இல்லை.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. நாவலூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் அவர் மகளிடம் அனுமதி கேட்டபோது, “எழுதுங்க அங்கிள், பேரு மட்டும் வேணாம்,” என்றாள். குடியிருப்பில் நாங்கள் அனைவரும் அவரை ‘பாய்’ என்றே அழைத்தோம். இந்தப் பக்கங்களுக்கும் அது போதுமானது.

குரோம்பேட்டைத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் வாலிப வயது முதல் வேலை பார்த்து, மேற்பார்வையாளராக உயர்ந்து ஓய்வுபெற்றவர் அவர். அந்த ஆலையைப் பற்றி அவருக்கு ஏக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. “நாத்தம் புடிச்ச இடம் சார். கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்காரி என்னை வாசல்லயே நிக்கவச்சு தண்ணி ஊத்துவா,” என்று சிரிப்பார். ஆனால் அந்த இடம் அவருடைய கட்டைவிரலில் தங்கிவிட்டது. குழியிலிருந்து எடுத்த தோல் பக்குவப்பட்டதா, இன்னும் ஊறவேண்டுமா என்பதை அவர் அந்த விரலால் அழுத்தித்தான் முடிவு செய்வாராம். ஓய்வுபெற்ற பின் அழுத்துவதற்குத் தோல் இல்லாமற் போகவே, விரல் உலகத்தின் மீது பாய்ந்தது.

புதுச் சுவரில் பூசிய பட்டி, இட்லி மாவு, என் மகன் அனுப்பிய கம்பளிச் சால்வை, காவலாளியின் சைக்கிள் டயர், கோதுமை அல்வா என அவர் அழுத்திப் பாராத பொருள் எங்கள் தெருவில் இல்லை. மாம்பழ வண்டிக்காரன் ஒருவன் அவரைத் தொலைவில் கண்டதும் பழங்களின் மேல் கோணிச் சாக்கை இழுத்து மூடுவான்.

“பாய், அமுக்கி அமுக்கி நீயே கூழாக்கிக்கினு கீற. வாங்குறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி கைய எடு.”

“வாங்காமயா நிக்கறேன்? இது நாளன்னைக்குத்தான் பழுக்கும்டா.”

“அப்ப நாளன்னைக்கு வா. இன்னிக்கு இன்னா பேஜாரு?”

அவருக்கு இன்றைக்கே வேலை வேண்டும்; அதுதான் சங்கதி. நாற்காலியில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் என் வீட்டுக் கதவின் கீலை ஆட்டிப் பார்ப்பார். குழாயைத் திருகுவார். ஆடாத மேசையின் காலுக்கு அட்டை மடித்து வைத்து அதனை ஆடச் செய்துவிட்டு, பின்பு சரிசெய்வார். கேட்டால், “சும்மா விட்டுடலாமா சார்?” என்பார். அவர் மனைவி, பருத்த உடலும் நிதானமான பேச்சும் கொண்ட அம்மையார், இருந்த இடத்திலிருந்தே, “அது பாட்டுக்கு இருக்கட்டும், விடுங்களேன்,” என்பார். ஒரு நாளில் பலமுறை இந்த இரண்டு வாக்கியங்களும் எங்கள் மாடிப்படி வழியாக ஏறி வரும்.

அவர் கணித்தது பெரும்பாலும் சரியாக இருந்தது என்பதையும் கூறியாக வேண்டும். பட்டி காயவில்லை என்று அவர் தடுத்தும் கேளாமல் வர்ணம் அடித்த சுவர், முதல் மழையிலேயே உரிந்தது. சரியாக இருப்பது ஒருவருக்கு நல்லதுதானா என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிறைந்து எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு, காவலாளி முதல் பால் போடும் பெண் வரை எல்லோருக்கும் விரலிடுக்கில் சேற்றுப்புண். பாய் மருந்துக் கடையிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாங்கி வந்து என் வாசலில் நின்றார். அந்தக் கருஊதாப் படிகங்களுடன் எனக்குப் பணிக்காலம் முழுவதும் பழக்கம். தரம்பார்த்தல் சோதனையில் குடுவையில் தோன்றி நிலைக்கும் அந்த மங்கிய இளஞ்சிவப்பைக் காணும் வரை எத்தனையோ மாணவர் வரிசைகளின் பின்னால் நின்றிருக்கிறேன்.

“இந்த நிறத்துக்கு மேல் போகக்கூடாது,” என்று ஒரு கண்ணாடித் தம்ளரில் கரைத்துக் காட்டினேன். “படிகம் ஒன்றுகூடக் கரையாமல் நிற்கக்கூடாது, தோலில் ஒட்டினால் அந்த இடம் வெந்துவிடும். ஒருவர் கால் வைத்த நீரில் மற்றவர் வைக்கக்கூடாது. பிறகு விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.”

“கலர் தண்ணில கால வெக்கறதுக்கு இத்தினி ரூல்ஸா சார்?” என்றான் காவலாளி.

“சார் சொல்றதைக் கேளுடா. இது இளந்தண்ணி,” என்றார் பாய். பின்னர் என் பக்கம் திரும்பி விளக்கினார். “டேனரியிலயும் இதே கணக்குதான் சார். மரப்பட்டை ஊறின தண்ணியில, எடுத்ததும் தோலை முத்தின குழியில போட்டா, மேல மட்டும் புடிச்சுக்கும். உள்ள ஏறாது, பச்சையா நின்னுடும். இளசுல ஆரம்பிச்சு நாளுக்கு நாள் முத்தின தண்ணிக்கு மாத்தணும். அப்பத்தான் அடி வரைக்கும் பதமாகும்.”

அவரவர் வாளியில் அவரவர் கால் வைத்தார்கள். சில நாட்களில் புண்கள் ஆறின. நன்றி முழுவதும் பாய்க்குப் போயிற்று. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவர் கூறிய அந்தக் குழிகளின் கணக்கை, வெறும் தொழில் செய்தி என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஆண்டு பல்லாவரத்தில் ஒரு நிக்காஹ். அதற்கென வாங்கிய புதுச் செருப்பு அவர் மனைவியின் வலக்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே கடித்திருக்கிறது. நெடுநாளைய சர்க்கரை நோயால் அந்த அம்மையாருக்குப் பாதத்தில் உணர்வு குன்றியிருந்தது. கல்யாண வீடு முழுவதும் நடந்து, பந்தியில் அமர்ந்து, வீடு வந்து சேர்ந்து, தரையில் படிந்த ஈரத் தடத்தை, கல்யாணத்துக்காக நாவலூரிலிருந்து வந்திருந்த மகள் காட்டிய பிறகே புண் இருப்பது தெரிந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருத்துவர் பார்த்தார். புண்ணில் நீர் கசிந்துகொண்டிருந்தபடியால், கசிவு நிற்கும் வரை சில நாட்களுக்கு மட்டும், மிக மெல்லிய பெர்மாங்கனேட் கரைசலில் பத்து நிமிடம் காலை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைக்க வேண்டும். துடைத்துக் கட்டுப் போட வேண்டும். புண்ணை வெறுங்கையால் தொடக்கூடாது. வாரக் கடைசியில் திரும்ப வந்து காட்ட வேண்டும். தம்மிடம் கேட்காமல் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றக்கூடாது என்றும் சொல்லியனுப்பியதாக மகள் பிற்பாடு என்னிடம் கூறினாள்.

முதல் நாள் அவர் அதைச் செய்த அழகை நான் நேரில் பார்த்தேன். காய்ச்சி ஆறவைத்த நீர். அதற்கென்றே ஒதுக்கிய எவர்சில்வர் பேசின். படிகத்தைத் தனித் தம்ளரில் முழுதும் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, நான் காட்டிய அதே இளஞ்சிவப்பு வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார். மனைவிக்குச் சூடு தெரியாதென்பதால் தம் முழங்கையை நனைத்துப் பார்த்தார். பிறகு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குவதுபோல் அந்தக் காலை நீரில் இறக்கினார். என் ஆய்வகத்தில் அத்தனை சுத்தமாக வேலை செய்த மாணவர்கள் மிகச் சிலர்.

“ராணி மாதிரி இருக்கு சார் எனக்கு. இதுக்கே இன்னொரு கால்லயும் கடிச்சிருக்கலாம்,” என்றார் அம்மையார்.

“பேசாம இரு. தண்ணி ஆடுது,” என்றார் பாய்.

மாலை நடைக்கு இறங்கும்போது அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருப்பது வழக்கம். மறுநாளோ அதற்கு மறுநாளோ பேசினின் நிறம் சற்றுக் கூடியிருந்ததைக் கண்டேன். விளக்கொளியின் வேறுபாடு என்று எண்ணிக்கொண்டேன். பின்னர் அது பீட்ரூட் சாறாயிற்று. இன்னும் சில நாட்களில் நாவற்பழச் சாறு. பாதம் உள்ளே இருப்பதே தெரியவில்லை. நான் நடைக்குப் போகும்போது நீரில் இருந்த கால், திரும்பி வரும்போதும் நீரிலேயே இருந்தது.

பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடுவது என் இயல்பன்று. எனினும் படியேறி வந்தவனால் உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். “கீழே போறதுன்னா போங்க, இப்படித் தரையைத் தேய்க்காதீங்க,” என்றாள் என் மனைவி. இறங்கினேன்.

“பாய், இது மருத்துவர் சொன்ன அளவில்லை.”

“முதல் நாள் அதே அளவுதான் சார் போட்டேன். நீங்கதான் பாத்தீங்களே.”

“இன்றைக்கு?”

“இன்னிக்கும் அதையே போட்டா எப்படி சார்? தோலு பழகிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா முத்த வைக்கணும். பாருங்க, கசிவு நின்னு போச்சு. ஓரமெல்லாம் கெட்டியாயி, கலர் புடிச்சு, எப்படிப் பதம் வந்திருக்கு.”

பார்த்தேன். பாதத்தின் வெளி விளிம்பு பழுப்பேறி, வறண்டு, மினுமினுப்பாக இருந்தது. அழகாகக்கூட இருந்தது, அதுதான் என்னைக் கலங்கச் செய்தது.

“பெர்மாங்கனேட் எதன் மேல் பட்டாலும் எரிக்கும், பாய். அதற்குக் கிருமி எது, உங்கள் வீட்டம்மாவின் சதை எது என்று தெரியாது.”

“எனக்குத் தெரியும்ல சார்,” என்றார் அவர், சிறிதும் கோபமின்றி. “உங்க குடுவையில இருக்கறது தண்ணி. இது தோலு. இது என் சப்ஜெக்டு.”

“எரிகிறதா அம்மா?” என்று அந்த அம்மையாரிடமே கேட்டேன்.

“எரிஞ்சா சொல்ல மாட்டேனா சார்? எனக்கு அங்க கால் இருக்கறதே இவரு சொல்லித்தான் தெரியும்.” பிறகு கணவரைப் பார்த்து, “இன்னும் நாலு நாள் போனா என்னைச் செருப்பாத் தெச்சுடுவாரு,” என்றார்.

எல்லோரிலும் அதிகமாகச் சிரித்தவர் பாய்தான்.

வாரக் கடைசி வந்தது. மருத்துவரிடம் போகவில்லை. “இப்ப போனா கட்டைப் பிரிச்சு, சொரண்டி, பதத்தைக் கெடுத்துடுவாங்க சார். மூடட்டும், அப்புறம் காட்டலாம்.” மகளுக்கு அலுவலகத்தில் ஏதோ நெருக்கடி, தொலைபேசியில் விசாரித்தாள். “சூப்பரா இருக்கும்மா,” என்று தந்தை சொன்னார், தாய் மறுக்கவில்லை. நான் மகளை அழைத்துச் சொல்வதா என்று யோசித்தேன். ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் அவர் பிள்ளையிடம் பேசுவது கண்ணியமாகாது என்று பட்டது. ஆகவே தினமும் முகத்துக்கு நேரே சொன்னேன். தினமும் தேநீர் கொடுத்து அனுப்பினார்.

அந்நாட்களில் அவர்கள் வீட்டிலிருந்து மாலைதோறும் சாம்பிராணிப் புகை வந்தது. அதற்கு முன்பு வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாய் பள்ளிவாசலிலிருந்து ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தர் மணக்க வந்துகொண்டிருந்தார். தண்ணீர் லாரி பற்றிப் பேச வேண்டியிருந்ததால் நானும் அவருடனே அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். சாம்பிராணி அன்று இன்னும் போடப்படவில்லை. அம்மையார் சோபாவில் சாய்ந்து, காலை முக்காலியின் மேல் வைத்திருந்தார். முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை. அந்த அறையில் அத்தரையும் கடந்து ஒரு வாடை இருந்தது. ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாதது. இனிப்பும் அழுகலும் கலந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பாய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, “உக்காருங்க சார்,” என்றார். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

“பாய், உங்களுக்கு வாடை வரவில்லையா?”

“என்ன வாடை? எனக்கு மூக்கு டேனரியிலயே போயிடுச்சு சார். பிரியாணி வாசனையே வராது.” சிரித்தவர், என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். மனைவியின் பக்கம் திரும்பினார். “உனக்கு வருதா?”

அம்மையார் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு மூணு நாளா வருது.”

“சொல்லல?”

“இவ்ளோ பாடுபடறீங்க. உங்க மனசு கஷ்டப்படும்னுதான் சாம்பிராணி போட்டேன்.”

பாய் என்னருகே வந்து, தணிந்த குரலில், மருத்துவரிடம் அறிகுறி சொல்பவரைப்போல் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “எப்படி நாத்தம் சார்? சுண்ணாம்புத் தண்ணி மாதிரி காரமா? இல்ல, ரெண்டு நாள் உப்பு போடாத பச்சைத் தோலு மாதிரியா?”

எனக்குத் தோலின் மணம் தெரியாது. ஆனால் அவர் இரண்டாவதாகச் சொன்னது எதுவென்று தெரிந்தது. “பச்சை,” என்றேன்.

அவர் தரையில் அமர்ந்தார். பழுப்பேறிய அந்தப் பாதத்தின் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மேல புடிச்சுக்கிச்சு சார்,” என்றார். “உள்ள பச்சையாவே நின்னுடுச்சு.”

ஒன்றைக் கேட்காமலிருக்க என்னால் முடியவில்லை. “ஊரில் எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பவர். இதை ஏன் பார்க்கவில்லை?”

“டாக்டர் தொடக் கூடாதுன்னாரு.” தம் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, “அவர் தொடச் சொல்லியிருந்தாலும் அமுக்கியிருக்க மாட்டேன். பதம் வந்துச்சான்னு நான் அமுக்கிப் பாத்த தோலெல்லாம் செத்தது சார். அவ காலை அப்படி அமுக்கிப் பாக்க எனக்குக் கை வரல,” என்றார்.

உடனே ஆட்டோ வைத்தோம். தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் மருத்துவர் விளிம்பை ஒரு கருவியால் தொட்டதும், கெட்டியாகத் தெரிந்த தோல் மூடிபோல் விலகிற்று. அடியில் இருந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. எலும்பு வரை போயிருந்தால் பாதத்தையே எடுக்க நேரலாம் என்றார் மருத்துவர், மறைக்காமல்.

“இவ்வளவு கருகி இருக்கே, எதுல ஊற வச்சீங்க? யார் வச்சது?”

“நான்தாம்மா,” என்று படுக்கையிலிருந்தே சொன்னார் அம்மையார். “சீக்கிரம் ஆறட்டும்னு நானே கொஞ்சம் ஜாஸ்தியா கலந்துட்டேன்.”

எனக்கு அருகில் நின்றிருந்த அந்த மனிதருடைய நிலையை எண்ணிப் பார்த்தேன். மேற்பார்வையாளராக ஆட்களை நடத்தியவர். தெருவே யோசனை கேட்கும் இடத்தில் இருந்தவர். பக்கத்துப் படுக்கை நோயாளியின் உறவினர்களில் இருவர் எங்கள் ஏரிக்கரையில் தினமும் நடப்பவர்கள், எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒரு வாசலைத் திறந்து விட்டிருந்தார். மௌனமாக இருந்தாலே போதும், அதன் வழியே வெளியேறிவிடலாம்.

“அவ இல்ல. நான்,” என்றார் பாய்.

“என்னங்க...”

“நீ சும்மா இரு. டாக்டருக்குச் சரியாத் தெரியணும்.” அவர் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, உரத்த குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னார். முதல் நாள் என்ன நிறம், எப்போது கூட்டினார், எதன் நிறம் வரை கூட்டினார், ஏன் கூட்டினார். கடைசி நாட்களில் வடிகட்டவும் இல்லை என்றார். அது எனக்கே புதிய செய்தி.

“எவ்வளவு நேரம் வைப்பீங்க?”

“மொதல்ல பத்து நிமிஷம். அப்புறம் அஸர் தொழுகை முடிஞ்சு உக்காந்தா மஃரிப் வரைக்கும்.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். “மாலை வெயில் இருக்கும்போது தொடங்கி இருட்டும் வரை,” என்றேன்.

“உணர்ச்சி இல்லாத காலை ஊற வைக்கறதே ஜாக்கிரதையா செய்ய வேண்டிய வேலை ஐயா. நல்ல தோலும் ஊறிப் பிஞ்சுடும். அதுல இந்தக் கலர்ல வச்சா கெமிக்கல் சுட்ட புண்ணும் சேர்ந்துடும்.” அவர் குரலில் கடுமை இல்லை. “ஆனா இவ்வளவு தெளிவா யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க வரைக்கும் வெட்டணும்னு தெரிய இது உதவும்.”

சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போயின. பாதம் நின்றது. மகள் நாவலூரிலிருந்து வந்து, தந்தையிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

வீடு திரும்பிய பின், கட்டு மாற்ற ஒரு செவிலியர் வந்துபோனார். மலைநாட்டுப் பக்கத்துப் பெண், கண்டிப்பானவர். பாய் பேசினைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்.

“அது எதுக்கு ஐயா? ஊற வைக்கற வேலையே இனிமே கிடையாது. சலைன்ல கழுவுவேன், கட்டுவேன். நான் வர்ற வரைக்கும் நீங்க ஒண்ணும் பண்ணக் கூடாது.”

“ஒண்ணுமே?”

“ஒண்ணுமே.”

“மேல லேசா ஒரு...”

“அப்பா, உங்களுக்குத் தமிழ் புரியும்தானே?” என்றாள் மகள்.

அந்த மாதங்களில் அவரைப் போல் துன்பப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. நோயாளி அமைதியாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இவர், இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கட்டையே பார்த்தபடி இருப்பார். திடீரென எழுந்து மேலே வருவார். “சார், ஏதாவது ரிப்பேர் இருக்கா?” எங்கள் வீட்டில் அவர் எண்ணெய் விடாத கீல் இல்லை. ஒரு நாள் பெர்மாங்கனேட் குப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “நீங்க வச்சுக்கங்க சார். உங்களுக்கு அதைப் பாத்தா பயம் இருக்கு. அந்தப் பயம் இருக்கற ஆள்கிட்டதான் இது இருக்கணும்.” நான் அதை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

தெருவில் அவரைப் பற்றிப் பேச்சு இருந்தது. மருத்துவமனையில் அவர் சொன்னது ஏரிக்கரை முழுவதும் பரவி, வளர்ந்தும் போயிருந்தது. பொண்டாட்டி காலைப் பதம்போட்டவர் என்று ஒருவர் என்னிடமே சொல்லிச் சிரித்தார். அப்படிச் சிரித்தவருடன் நான் நடப்பதை நிறுத்திக்கொண்டேன். பாய்க்கு அந்தப் பேச்சு எட்டாமல் இருந்திருக்காது. அவர் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. யாரைக் கண்டும் வழி மாறவும் இல்லை. சேற்றுப்புண்ணோடு வந்த காவலாளியிடம் மட்டும், “சுகர் டெஸ்ட் பண்ணியாடா? முதல்ல அதைப் பண்ணு, டாக்டர்கிட்ட காட்டு,” என்றார். “இன்னா பாய், கலர் தண்ணி இல்லியா?” என்றதற்கு, “இல்ல,” என்று உள்ளே போய்விட்டார்.

இப்போது அவர்கள் மகளுடன் நாவலூரில் இருக்கிறார்கள். பன்னிரண்டாவது மாடி என்றும், அழுத்திப் பார்க்க அங்கே மாம்பழ வண்டி வருவதில்லை என்றும் அம்மையார் தொலைபேசியில் கூறினார்.

அவர்கள் வீடு மாறுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு விடியற்காலையில் நான் கண்டதைச் சொல்லி இதை முடிக்கிறேன். புண் முழுதும் மூடியிருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்யப்படும் மெத்தென்ற செருப்பை அணிந்து, சிறிது தூரம் நடக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்திருந்தார். அம்மையார் ஏரிக்கரைப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். வலப்புறம் சற்றே சாய்ந்த நடை. பாய் அருகில் இல்லை. பத்தடி பின்னால், குனிந்த தலையுடன், அந்த வலக்கால் தரையில் படிவதையும் எழுவதையும் மட்டும் பார்த்தபடி வந்தார். நடப்பவர்கள் அவர் முதுகைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கால் எங்காவது தயங்கினால் அவரும் நின்றார். அது கிளம்பினால் கிளம்பினார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.

அம்மையார் திரும்பாமலே பேசினார். “பாத்தது போதும். பக்கத்துல வாங்களேன்.”

“நீ நட,” என்றார் பாய்.